அலமாரிக் கதவின் உள்பக்கம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இல்லை, அப்பாவுக்கு வலி வரவில்லை. வலி வந்திருந்தால் போன் செய்திருப்பேன். கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்பதையே நல்ல செய்தியாக எடுத்துக்கொள். அப்பா நன்றாக இருக்கிறார். இந்த நிமிடம் மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அம்மா நலம். அப்பா மேல் கொஞ்ச நேரம் கோபமாக இருந்தாள், இப்போது இல்லை. நானும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை.

போன வாரம் நீ எனக்கு அனுப்பியது ஒற்றை வரி. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களாமே, மறுபடியுமா என்று. நான் பதில் போடவில்லை. நீளமாகச் செய்தி அனுப்பினால் பாதியில் மூடிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதனால் தாள். மடித்து வைத்தாலும் மேசை மேல் கிடந்து உன்னைப் பார்க்கும்.

முதலில் சோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை அப்பாவை டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். நன்றாக நடந்தார். எங்கேயும் போய்ச் சேராத வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அந்த டெக்னீஷியன் அக்காவிடம் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தார். வரைபடத்தில் குறை ஒன்றும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அட்டாக் வந்தபோது ரத்தக் குழாயில் வைத்த இரண்டு ஸ்டென்டும் ஒழுங்காக இருக்கின்றன. வீட்டுக்குக் கிளம்பலாம் என்று அம்மா பையை எடுத்துவிட்டாள்.

பெரிய டாக்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறவர், வேறு எந்தப் பரபரப்பும் இல்லாத அம்மாள். நாங்கள் வீட்டில் எழுதி வைத்த ரத்த அழுத்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடக்கும்போது அளவுக்கு மேல் ஏறாத அழுத்தம் சாப்பிடும்போது ஏறியிருக்கிறதே, சாப்பாட்டு மேசையில் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்று அம்மா சொன்னாள். அது உண்மை. எங்கள் சாப்பாட்டு மேசையில் எட்டு மாதமாக ஒன்றுமே நடக்கவில்லை.

அப்போதுதான் அவர் இரண்டாவது சோதனையைப் பற்றிச் சொன்னார். இதய நோய் இருக்கிறவர்களில் சிலருக்கு உடம்பு உழைக்கும்போது ஒன்றும் ஆகாது. மனம் இறுகும்போதுதான் ஆகும். சின்ன ரத்தக் குழாய்களும் கூடவே இறுகிக்கொள்ளும். இதயத்துக்கு வேலை கூடும், அதற்கு வருகிற ரத்தம் குறையும். பல பேருக்கு வலியே இருக்காது என்பதால் அவர்களுக்கும் தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் அடுத்த அட்டாக் வருவதற்கான வாய்ப்பு கூடும். அதனால் மனத்தைக் கொஞ்சம் தொந்தரவு செய்து, அந்த நேரத்தில் இதயத்தைப் படம் எடுத்துப் பார்ப்பார்களாம்.

அம்மா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். பிறகு, "தொந்தரவு பண்றதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு டாக்டர்? நான் வீட்டுலயே பண்ணுவேனே" என்றாள்.

புதன்கிழமை போனோம்.

சின்ன அறை. கையில் ஊசி, நெஞ்சில் ஒயர்கள். எதிரே இரண்டு இளம் டாக்டர்கள், சிரிக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கிக்கொண்டு வந்தவர்கள். ஒரு கேமரா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டெக்னீஷியன் அக்காவும் நானும். அம்மா வெளியே வராந்தாவில் யாருடைய வீட்டுக் கதையையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் கணக்கு. இரண்டாயிரத்து நாற்பத்து மூன்றிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். சரியாகச் சொன்னாலும் அந்த இரண்டு பேரில் ஒருவர், இன்னும் வேகமாக, மறுபடி ஆரம்பியுங்கள் என்று விரட்டுகிறார். அது சோதனையின் ஒரு பகுதி. அவருக்குத்தான் நெற்றியில் வியர்வை. அப்பாவுக்கு வரவில்லை. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் கதவுக்கு வெளியே நின்று பேசியே தைரியப்படுத்தியவர். உள்ளேயிருந்து எவ்வளவு திட்டு வாங்கியிருப்பார். மூன்றாவது தடவை விரட்டியபோது அப்பா சொன்னார், நீங்க பதறாதீங்க தம்பி, நான் எங்கயும் போகமாட்டேன், இங்கதான் இருக்கேன் என்று.

நினைவிருக்கிறதா? அவருடைய முதல் வாக்கியம். எந்த லிஃப்டானாலும் அதுதான். நான் வெளியேதான் நிக்கிறேன். இரண்டாவது, உள்ளே காத்து வருது, பயப்பட ஒண்ணுமில்ல. மூன்றாவது ஒரு கேள்வி. காலையில என்ன சாப்பிட்டீங்க? சின்ன வயதில் கழிவறைத் தாழ்ப்பாள் மாட்டி நீ உள்ளே அழுதபோது உனக்கும் அதையேதான் சொன்னார். நீ இரண்டு ரொட்டி, ஒரு முட்டை என்று அழுதுகொண்டே கணக்குக் கொடுத்தாய்.

கணக்குச் சோதனையில் அப்பாவின் அழுத்தம் அசையவே இல்லை. டெக்னீஷியன் அக்கா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உங்கப்பா கல்லு என்றார்.

அடுத்தது பேச்சு. மனத்தை உறுத்துகிற ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும். தயார் செய்துகொள்ள இரண்டு நிமிடம். அப்பா தயார் செய்துகொள்ளவில்லை. என் பெண் அந்தப் பக்கம் இருந்தால் அவளுக்கும் கேட்குமா என்று மட்டும் கேட்டார். கேட்கும், வேண்டாமென்றால் ஒலியை அணைத்துவிடலாம் என்றார்கள். அணைக்க வேண்டாம் என்று சொன்னார்.

பிறகு சொன்னார்: "எங்க வீட்டு சமையலறை அலமாரி இருக்கு டாக்டர். அதோட கதவுக்கு உள்பக்கம் ஒரு லிஸ்ட் ஒட்டியிருக்கு."

அண்ணா, நான் உட்கார்ந்திருந்தது சுழல் நாற்காலி. அது என்னை அறியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அந்தப் பட்டியல் உனக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. தலைப்பு, அப்பாவிடம் சொல்லக் கூடாதவை. வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் சமையலறைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் கொடுக்கிற மாதிரி கொடுத்து, கதவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கூடத்துக்கு அனுப்புவோம். பேச்சு பட்டியலை நெருங்கினால் அம்மா கரண்டியால் டம்ளரை இரண்டு தடவை தட்டுவாள். எட்டு மாதம் இப்படி ஓடியது. நன்றாக ஓடுகிறது என்று நினைத்தோம்.

நாங்கள் செய்த தப்பு என்ன தெரியுமா. அந்த அலமாரிக் கதவு கீச்சிடும். கீச்சிடுகிற கதவின் உள்பக்கம் ரகசியத்தை ஒட்டி வைத்தோம், அதுவும் அப்பா இருக்கிற வீட்டில். வேறு எந்த வீட்டிலும் அது பாதுகாப்பான இடமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நாங்கள் மருந்து வாங்கப் போயிருந்தபோது, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறார். அன்றிலிருந்து கதவு கீச்சிடவில்லை. தினமும் திறந்து மூடியிருக்கிறோம். சத்தம் இருந்தால் கவனிப்போம், நின்று போனதை யார் கவனிக்கிறார்கள்.

அவர் பட்டியலை மனப்பாடமாகச் சொன்னார். நிதானமாக, மேற்பார்வை அறிக்கை படிக்கிற மாதிரி. ஒன்று, குளியலறைக் கூரை ஒழுகுவது. வாளி எதற்கு என்று கேட்டால் துணி ஊறுகிறது என்கிறாள் என் மனைவி, எட்டு மாதமாக ஊறுகிற துணி. இரண்டு, தொட்டியில் இருந்த மீன் செத்துப்போனது. அதே நிறத்தில் வேறொன்று வாங்கி விட்டார்கள். அதுவும் செத்தது. இப்போது இருப்பது மூன்றாவது மீன். முதல் மீன் இடது பக்கமாகச் சுற்றும், இது வலது பக்கமாகச் சுற்றுகிறது. மூன்று, எங்கள் கட்டட லிஃப்ட் சத்தம் போடுகிறது. எனக்குக் கேட்கக் கூடாது என்று அதில் யாரும் ஏறுவதே இல்லை. நாலாம் மாடி டீச்சர் கடைச் சாமானைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறார். யாராவது தெரியாதவர்கள் வந்து ஏறிவிட்டால் நான் படுக்கையில் காதைப் பொத்திக்கொண்டு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும். நாலு, என் பெண்ணின் ஆராய்ச்சி தள்ளிப்போனது. என்னால்தான்.

நாலுக்குப் பிறகு ஆறுக்குப் போய்விட்டார். அத்தையின் முழங்கால் ஆபரேஷன். ஏழு, கம்பெனியில் அவருடைய கருவிப் பெட்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டது. அந்தப் புது ஆள் மூன்றாம் நாளே அப்பாவுக்குப் போன் போட்டு, நீளமான ஸ்பானர் எதற்கு என்று கேட்டுவிட்டாராம். எட்டு, இந்தப் பட்டியல் இருப்பது. அதுவும் எனக்குத் தெரியக் கூடாது டாக்டர் என்றார்.

கணக்குப் போட்டு விரட்டிய டாக்டர் அந்த இடத்தில் உத்தரவை மீறிவிட்டார். குனிந்து ஷூவைப் பார்க்கிற மாதிரி சிரித்தார். இங்கே டெக்னீஷியன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது அவர் ஐந்தாவதுக்கு வந்தார். அதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அஞ்சாவதுல ஒரே ஒரு வார்த்தைதான். அண்ணன். இவளுக்கு அண்ணன், எனக்குப் பையன். லிஃப்ட்ல மாட்டினவங்க கத்தலாம், அழலாம், என்னைத் திட்டலாம். எனக்குக் கவலையே இல்ல டாக்டர். உள்ள பேச்சு நின்னு போனாத்தான் எனக்குப் பயம். அவன் எங்கிட்ட பேசி எட்டு மாசம் ஆச்சு. கடைசியா கத்தினது நான்தான். நான் வெளியேதான் நிக்கிறேன்னு அவனுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல."

டெக்னீஷியன் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு எண்களைப் பார்த்தார். உள்ளே ஊசி வழியாகப் படம் எடுப்பதற்கான மருந்தைப் போட்டார்கள். அப்பாவின் முகத்தில் வலி இல்லை. ஒன்றுமே இல்லை. எங்கேயாவது நோகிறதா என்று கேட்டதற்கு இல்லையே என்றார்.

மறுநாள் படங்களைக் காட்டினார்கள். வளையம் வளையமாக இதயம். சும்மா இருந்தபோது எடுத்ததில் வளையம் முழுதாக இருந்தது. பேச்சின்போது எடுத்ததில் ஒரு ஓரம் மங்கியிருந்தது, யாரோ ஒரு வாய் கடித்துவிட்ட மாதிரி. அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் ரத்தம் போதவில்லை என்றார் பெரிய டாக்டர். நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்த அழுத்தமும் இருந்தது. மீனுக்கு ஏறவில்லை. லிஃப்டுக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது, அது தொழில். கடைசி நிமிடத்தில் செங்குத்தாக.

அப்பா அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எனக்குப் புரியுது டாக்டர் என்றார். பிரேக்கை விடாமல் மோட்டாரை ஓட்டினால் லிஃப்ட் நகராது, மோட்டார் மட்டும் சூடாகும், வெளியே நிற்கிறவனுக்கு எல்லாம் அமைதியாகத்தான் தெரியும் என்றார். பெரிய டாக்டர் பேனா மூடியை மாட்டினார். இனிமேல் மற்ற நோயாளிகளுக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

இப்போது உன்னைப் பற்றி. உன்னிடம் கேட்காமல் உனக்காக ஒரு கேள்வி கேட்டேன்.

நீ அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நீ அனுப்புகிற ஒற்றை வரிகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று நினைக்கிறாய். அடுக்கி வைத்துப் படிப்பேன், ஆராய்ச்சிக்காரிதானே நான். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வேலையை விடப்போகிறேன் என்று போனில் சொன்னாய். அப்பா கத்தினார். என்ன வேண்டுமானாலும் செய் என்று வைத்துவிட்டார். வியாழக்கிழமை அவருக்கு அட்டாக். நீ மற்ற நாட்களையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு அந்த நாலு நாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

போனில் கத்தியதால் நாலு நாள் கழித்து அட்டாக் வருமா என்று டாக்டரிடம் நேராகக் கேட்டேன். அப்பா வெளியே எடை பார்க்கப் போயிருந்தார். டாக்டர் சொன்னது இது. அடைப்பு ஒரு நாளில் வருவதில்லை, அது இருபது வருடமாக மெதுவாகச் சேர்ந்தது. சிகரெட், கொழுப்பு, உங்கள் தாத்தாவுக்கும் இருந்த அதே உடம்பு வாகு. பெரிய கோபம் ஒரு அட்டாக்கைத் தூண்டிவிடலாம், ஆனால் அது பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் நடக்கும். நாலு நாள் கழித்து வந்ததற்கு ஒரு போன் பேச்சின் மேல் பழி போட முடியாது. உங்கள் அண்ணனுக்கு இதை எழுதுங்கள் என்றார். உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணன் என்று அவரே சொன்னார்.

அப்படியானால் அவன் இப்போது பேசினால் ஆபத்தில்லையா என்று கேட்டேன். உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள், பேசாமல் இருப்பது என்ன செய்கிறது என்பதைத்தான் படத்தில் பார்த்தோமே என்றார்.

மருந்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். அதோடு பன்னிரண்டு வார வகுப்பு ஒன்று. மூச்சுப் பயிற்சி, நடை, வட்டமாக உட்கார்ந்து மனத்தில் இருப்பதைப் பேசுவது. ஒன்பது இதயக்காரர்கள். அப்பா முதல் நாளே எல்லாரிடமும் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டார். ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், மருமகள் வைத்த உப்பில்லாத கஞ்சியைப் பற்றி இருபது நிமிடம் பேசினாராம். வகுப்பு நடத்துகிற பெண் அப்பாவைத் தனக்கு உதவியாளராக இருக்கச் சொல்கிறாள்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னது நான்தான், பஸ்ஸில். அவள் முதலில் அழவில்லை. கோபப்பட்டாள். எட்டு மாதமாகத் தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நடித்திருக்கிறாரே, என்ன அழுத்தம் இந்த மனுஷனுக்கு என்றாள். நாமும்தானே நடித்தோம் என்றேன். நாம நல்லதுக்கு நடிச்சோம்டி என்றாள். அவரும் நல்லதுக்குத்தான் என்றேன். வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டியிடம் போய், மீன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நின்று பார்த்தாள். வலது பக்கம்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். தினமும் தீனி போடும்போது அப்பா அந்த மீனிடம், எப்படிடா இருக்கே பழைய ஆளே என்று கேட்பார். அதைக் கேட்டு, பாவம் தெரியவில்லை என்று நாங்கள் இருவரும் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியலைக் கதவிலிருந்து உரித்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். அம்மா படிக்க, அப்பா பதில் சொல்ல, நான் அந்த வரியைப் பேனாவால் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. கூரைக்குக் கொத்தனாரை வரச் சொல்லியாயிற்று, அடி. மீனுக்கு இரண்டு நிமிட மௌனம் வேண்டும் என்றார் அப்பா. ஒரு நிமிடம் போதும் என்றாள் அம்மா. அடி. என் ஆராய்ச்சி அடுத்த மாதம் மறுபடி தொடங்குகிறது. இவ்வளவு நாள் என்ன படிச்சேன்னு எனக்கும் ஒரு தடவை சொல்லும்மா என்றார். சொன்னேன். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன், இல்லை, ஒரு கேள்வி கேட்டார். என் பேராசிரியர் கேட்காத கேள்வி.

ஐந்தாவதுக்கு வந்ததும் அம்மா படிக்காமல் என்னைப் பார்த்தாள். கரண்டி கையில் இருந்தது. தட்டப் போகிறாள் என்று தெரிந்தது. அதற்குள் அப்பா தன் கரண்டியால் டம்ளரை இரண்டு தடவை தட்டினார். பிறகு நீ வேலையை விட்டதை, ரொட்டிக் கடையில் சேர்ந்ததை, விடிவதற்கு முன்னால் எழுந்து மாவு பிசைவதை, கையில் சூட்டுப் புண் இருப்பதை, எல்லாவற்றையும் அவரே சொன்னார். எனக்குக்கூடத் தெரியாத ஒன்றையும் சொன்னார். உன் கடை முதலாளி அம்மாளின் நாய்க்கு உன்னைப் பிடிக்காதாமே.

எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள். அப்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். லிஃப்ட் பரிசோதனைப் படிவம், பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. தலைப்பு, நான் இவங்ககிட்ட சொல்லாதவை. முதலாவது, இரண்டு தடவை படியேறி மேலே மோட்டார் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டது. அம்மா எழுந்தே விட்டாள். இரண்டாவது, நாலாம் மாடி டீச்சர் கொடுத்த உப்புக் கடலை, ஆறு பொட்டலம். மூன்றாவதை என்னைப் படிக்கச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஒன்பதரைக்கு நான் அரை மணி நேரம் குளிக்கிறேன். அழுக்குக்கு அஞ்சு நிமிஷம் போதும்."

நீ அம்மாவுக்குப் போன் செய்கிற நேரம், அண்ணா. அப்பா குளிக்கப் போகும் நேரம் பார்த்து. அவர் உனக்காகத்தான் போயிருக்கிறார். நீ நிதானமாகப் பேச வேண்டும் என்று குழாயைத் திறந்துவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் துண்டோடு நின்றிருக்கிறார். தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் திறப்பாராம், இல்லையென்றால் அம்மா சொல்வது காதில் விழாது. நாய் விஷயம் அப்படித் தெரிந்ததுதான்.

ரொட்டிக் கடையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அவன் அடுப்புல ஏத்தி இறக்கறான், நானும் ஏத்தி இறக்கறவன்தானே, தொழில் ஒண்ணும் மாறிடல என்றார். பிறகு, சூட்டுப் புண்ணுக்கு என்ன போடுகிறான் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை.

ஐந்தாவதை அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அதை அவன் அடிக்கட்டும் என்றார்.

நேற்று லிஃப்டைச் சரிசெய்தார்கள். புது ஆள் வந்தார், அப்பாவின் பெட்டியோடு. தரைத் தளத்தில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி. எழுந்திருக்கக் கூடாது, கேட்கலாம் என்பது அம்மாவின் விதி. மேலே கொஞ்சம் போ, நிறுத்து, கீழே வா. நாலு தடவை கேட்டுவிட்டு மூன்றாம் மாடிக் கதவின் அடி உருளை என்று சொன்னார். அதுதான். எட்டு மாதம் ஒரு கட்டடமே படியேறியது ஒரு உருளைக்காக. டீச்சர் முதல் ஆளாக ஏறி, கீழே வந்து, மறுபடி ஏறி, மூன்று தடவை போய்வந்தார், சாமான் எதுவும் இல்லாமல். அன்றைக்கு அப்பாவின் அழுத்தம் நூற்று இருபத்திரண்டு. அம்மா அதைப் பெரிய எழுத்தில் எழுதி, அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். வெளிப்பக்கம்.

நான் எழுதுகிறேன் என்று அப்பாவுக்குத் தெரியும். எழுது, ஆனா நான் சொன்னேன்னு எழுதாதே என்றார். எழுதிவிட்டேன். புதுப் பட்டியலுக்கு இது முதல் விஷயமாகிவிடும் போலிருக்கிறது. வேண்டாம், இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, நீ பெரிதாக எதுவும் சொல்ல வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவரைக் கேட்க வைக்கவும் வேண்டாம். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை அப்பா எட்டரைக்கே குளித்துவிடுவார். ஐந்து நிமிடம். ஒன்பதரைக்கு அம்மா போனை எடுக்க மாட்டாள், கை வேலையாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. போன் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் உட்கார்ந்திருப்பார். மருந்து போட்டிருப்பார்.

குரல் வரவில்லை என்றால் அன்று காலை என்ன சாப்பிட்டாய் என்பதிலிருந்து தொடங்கு. அவருக்கு அது போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். கை ஆற வேண்டும். அந்த நாய்க்கு உன்னைப் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
கதவுக்கு வெளியேதான் நிற்கும்
உன் தங்கை

பி.கு. பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழு வரிகள் அடிக்கப்பட்டிருக்கும். ஐந்தாவதுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும், கட்டைவிரல் அளவு. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதே.

தங்கை தாள்களை மடித்து உறையில் வைத்து ஒட்டினாள். மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் போய், நீங்கள் சொன்னீர்கள் என்று எழுதிவிட்டேன் என்று சொன்னாள். அவர் சரி என்றார். அவள் லிஃப்டில் இறங்கித் தெருமுனைத் தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு, வரும் வழியில் சூட்டுப் புண்ணுக்குப் போடும் களிம்பு இரண்டு குழாய் வாங்கினாள்.